நாகர்கோவில் ராத்திரியில் ஆறவே மாட்டேங்குதே, ஏன்?

வடசேரிக்காரன்:

நம்ம ஊர்ப் பகல் வெயிலைப் பற்றி எனக்குப் பெரிய புகார் கிடையாது. வேலூரும் திருச்சியும் காயும் அளவுக்கு நாகர்கோவில் காயாது. கஷ்டம் ராத்திரியில்தான். மாசி பிறந்து சித்திரை முடியும் வரை, பத்து மணிக்கு மட்டுப்பாவில், அதாவது மொட்டை மாடியில், வெறுங்காலோடு நடந்தால் தளம் வெதுவெதுவென்றே இருக்கிறது. கீழே அறையில் ஃபேனைப் போட்டால் உள்ளே கிடக்கிற சூட்டையே சுற்றிச் சுற்றி அடிக்கிறது. மேற்குச் சுவரில் கை வைத்தால் அது மட்டும் தனியாகச் சுடுகிறது.

அதே நேரத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு பூதப்பாண்டி ரோட்டில் போனால், புத்தேரியில் வயல் தொடங்குகிற இடத்தில் சட்டைக்குள் காற்று குளுகுளுவென்று இறங்கும். திரும்பி வடசேரி பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போதே முகத்தில் புழுக்கம் அப்பிக்கொள்ளும். நடுவில் சில கிலோமீட்டர்தான்.

இதைத்தான் நகர வெப்பத் தீவு என்கிறார்கள். விஷயம் புதிதில்லை. லண்டனில் லூக் ஹோவர்ட் என்பவர் நகரத்துக்குள்ளும் வெளியிலும் வெப்பநிலையைக் குறித்துவைத்து ஒப்பிட்டு, 1818-லும் 1820-லும் வெளியிட்டார். ராத்திரியில் நகரம் 3.7 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 2 டிகிரி செல்சியஸ் கூடுதல். பகலில் வெளியூரைவிடக் கொஞ்சம் குறைவு என்பது அவர் கணக்கு. காரும் ஏசியும் இல்லாத காலம் அது.

சரி, லண்டனுக்கும் சென்னைக்கும் சொல்வது நம்ம சைஸ் ஊருக்குப் பொருந்துமா? 2019-ல் மாநகராட்சி என்று போர்டு மாற்றினார்கள், அவ்வளவுதான். பொருந்தும் என்றால் எதை முதலில் சரி செய்யலாம்?

கோட்டாறு அண்ணாச்சி:

தம்பி, எல்லாப் பழியையும் கான்கிரீட் தலையில் கட்டாதீர்கள். நாம் காலடியில் கடலை வைத்திருக்கிற மாவட்டம். இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி 1951-க்கும் 2015-க்கும் இடையில் சுமார் 1 டிகிரி சூடாகியிருக்கிறது என்று மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. ஏப்ரலில் நம் பக்கத்துக் கடல்நீரே 29, 30 டிகிரியில் நிற்கும். கரையில் ராத்திரி அதற்குக் கீழே எவ்வளவு இறங்கிவிடும்? போதாததற்குக் காற்றில் ஈரம். ஈரம் கூடினால் வியர்வை காயாது. வானத்துக்குப் போக வேண்டிய சூட்டையும் அந்த ஈரமும் மேகமும் மறித்துவிடும்.

இன்னொன்று. எங்கள் பாட்டா காலத்தில் புழுக்கமே இல்லை என்று யாரும் சொன்னதில்லை. திண்ணையிலும் முற்றத்திலும் பாயை விரித்துப் படுத்தார்கள். இப்போது கள்ளனுக்குப் பயந்து கதவையும் கொசுவுக்குப் பயந்து சன்னலையும் அடைத்துவிட்டு, ஊர் சூடாகிவிட்டது என்கிறோம்.

செம்மண்சுவர்:

நான் வீடு கட்டிக் கொடுக்கிற தொழிலில் இருக்கிறேன். அண்ணாச்சி சொன்ன கடல் கணக்கு சரிதான். ஆனால் கடல் சூடானால் புத்தேரி வயலுக்கும் வடசேரிச் சந்தைக்கும் சேர்த்துத்தானே ஏற வேண்டும்? ஒரே ராத்திரியில், ஒரே நேரத்தில், பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு நடுவே இருக்கிற வித்தியாசத்தைக் கடல் விளக்காது. அதற்குத் தரையில்தான் காரணம் தேட வேண்டும்.

முதல் காரணம் வார்ப்பு. நாலைந்து அங்குல கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடிக்கும். மேலே பட்ட சூடு உள்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் எடுக்கும். உச்சி வெயிலில் வாங்கியதை நாம் சாப்பிட்டுப் படுக்கப் போகிற நேரத்துக்குக் கொண்டுவந்து தரும். பழைய ஓட்டு வீடு நேர் எதிர். ஓடு சட்டென்று சூடாகும், சட்டென்று ஆறும். அதற்கும் படுக்கிற அறைக்கும் நடுவில் மரத் தட்டு, அந்த இடைவெளியில் காற்று, ஓட்டு இடுக்கு வழியாகச் சூடு வெளியேற வழி. பத்மநாபபுரம் அரண்மனையில் வெயில் நேரத்தில் நுழைந்து பாருங்கள். தாழ்ந்து இறங்குகிற கூரை, மர அழி வைத்த சாளரங்கள், நடு முற்றம் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது.

இரண்டாவது, சந்து. தரையும் சுவரும் ராத்திரியில் வானத்தைப் பார்த்துத்தான் சூட்டை விடும். மீனாட்சிபுரம் பக்கத்துக் குறுகல் தெருக்களில் நின்று அண்ணாந்தால் ஒரு கீற்று வானம்தான் தெரியும். ஒரு சுவர் விடுகிற சூட்டை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்ளும். வயலில் வானம் முழுக்கத் திறந்து கிடக்கிறது.

மூன்றாவது, காற்று. ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்து ஓடும்போது யாருக்காவது ராத்திரிப் புழுக்கம் நினைவுக்கு வருகிறதா? முப்பந்தலில் காற்றாலை சுற்றுகிற மாதங்களில் இந்தப் பேச்சே எழாது. காற்று அசையாமல் வானம் தெளிவாக இருக்கிற ராத்திரிகளில்தான் ஊருக்கும் வயலுக்கும் வித்தியாசம் அதிகம் தெரியும்.

ஏசியையும் விட முடியாது. ஒரு டன் ஏசி அறையிலிருந்து சுமார் மூன்றரை கிலோவாட் சூட்டை இழுத்து, தான் தின்கிற கரண்டையும் சூடாக்கிச் சேர்த்து, பக்கத்து வீட்டுச் சன்னலைப் பார்த்து ஊதும். சந்தில் ஏசி இல்லாதவர் பாடு என்ன என்று யாரும் கேட்பதில்லை.

படம்பார்க்கிறவன்:

நானும் ஆர்வத்தில் லாண்ட்சாட் செயற்கைக்கோளின் வெப்பப் படம் ஒன்றை இறக்கிப் பார்த்தேன், மார்ச் மாதத்துப் படம். நாகர்கோவில்தான் செக்கச்செவேல் என்று இருக்கும் என்று நினைத்தால், ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் கட்டாந்தரையும் அறுப்பு முடிந்த வயலும் ஊரைவிடச் சிவப்பு. ஊர் நடுவில் தென்னை நிற்கிற இடமெல்லாம் பச்சை. அப்போது நகரம் சூடு, வயல் குளிர்ச்சி என்ற கதை என்னாவது?

செம்மண்சுவர்:

அந்தச் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது காலை பத்து, பத்தரைக்கு. காய்ந்த மண் வெயில் பட்டதும் மேல்தோல் சுடும். கான்கிரீட் அப்போதுதான் வாங்க ஆரம்பித்திருக்கும். அதோடு அது அளப்பது தரையின் மேற்பரப்பை. நாம் மூச்சு விடுகிற காற்றை அல்ல. வெப்பத்தை அது பார்க்கிற கட்டம் 100 மீட்டர் அகலம். அதற்குள் ஒரு தெரு, ரெண்டு தோப்பு, ஒரு கல்யாண மண்டபம் எல்லாம் அடங்கிவிடும். வடசேரிக்காரன் பேசுவது ராத்திரி பத்து மணிக் காற்றை. காலைப் படத்தை வைத்து அதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஏலாக்கரை:

அந்தச் சிவப்பில் எங்கள் வயலும் இருந்திருக்கும்! தேரூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. கும்பப்பூ நெல்லை அறுத்து முடிந்தால், அடுத்த போகமான கன்னிப்பூவுக்கு மழை விழும் வரை ஏலா, அதாவது வயல்வெளி, காய்ந்துதான் கிடக்கும். ஆகையால் "வயல் ஊரைக் குளிர்விக்கிறது" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதில் எனக்கும் உடன்பாடில்லை. எப்போது, எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

பயிர் நிற்கும்போது என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. தண்ணீர் நிற்கிற நெல் வயலில் ஒரு நாளில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சென்ட் என்றால் 40 சதுர மீட்டர். ஆக 200 லிட்டர். ஒரு லிட்டர் ஆவியாக எடுக்கும் சூடு மின்சாரக் கணக்கில் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் 130 யூனிட்டுக்கு மேல். செம்மண்சுவர் சொன்ன ஒரு டன் ஏசி இதே சூட்டை இறைக்க ஒன்றரை நாள் நிற்காமல் ஓட வேண்டும். இது ஒரே ஒரு சென்டுக்கு! ஒழுகினசேரிப் பாலத்தில் நின்றால் பழையாற்றைத் தாண்டி இன்னும் கொஞ்சம் வயல் கண்ணுக்குத் தெரிகிறது. அதை மனையாக்கினால் எத்தனை சென்ட் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

வயல் ஒரே நாளில் மனை ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் நெல்லை விட்டு வாழை வைப்பார்கள். அப்புறம் வரப்பில் தென்னம்பிள்ளை. மடையை யாரும் தூர் வாருவதில்லை, தண்ணீர் வருவதில்லை, "விளையாத நிலம்" என்ற பேர் வருகிறது. பிறகு ஒரு நாள் டிப்பரில் செம்மண் வந்து இறங்கும். கேரளத்தில் நெல்வயலையும் நீர்நிலையையும் காக்க 2008-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். அங்கேயும் ஓட்டைகள் உண்டு என்றாலும், மண் அடிக்க வந்த வண்டியை மறித்துக் கேட்க ஒரு காகிதமாவது கையில் இருக்கிறது.

கோட்டாறு அண்ணாச்சி:

கணக்கு நன்றாக இருக்கிறது மகளே. ஆனால் அந்த 200 லிட்டர் எங்கே போனது? காற்றில்தான் ஈரமாக நிற்கிறது. நம் ஊரில் குறைச்சல் இல்லாதது அது ஒன்றுதான். ராஜஸ்தானில் தண்ணீர் தெளித்தால் குளிரும். கோட்டாறில் தெளித்தால் கசகசக்கும்.

குளமும் அப்படித்தான். சுசீந்திரம், தேரூர் குளங்களை 2022-ல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள், பறவைகளுக்கு நல்லது, சந்தோஷம். அதற்காகக் குளத்தங்கரை ராத்திரியில் குளுகுளு என்று சொல்லாதீர்கள். பகல் வெயிலை வாங்கிவைத்த தண்ணீர் ராத்திரியில் காற்றைவிட வெதுவெதுப்பாகவே கிடக்கும். விடிகாலையில் குளத்தில் இறங்கிக் குளித்தவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம்.

ஏலாக்கரை:

அண்ணாச்சி சொல்வதில் பாதிக்கு நான் ஒத்துக்கொள்கிறேன். ராத்திரிக்குக் குளம் பெரிய உதவி இல்லை. பகலில் சுற்றிலும் சூடு ஏறாமல் தடுக்கும், காற்று வர ஒரு வெட்டவெளி தரும். ஆனால் ஈரம் என்பதற்காக நிழலையும் வேண்டாம் என்பீர்களா? வயல் கோடையில் காய்ந்து கிடந்தாலும் ராத்திரியில் ஊரைவிடச் சீக்கிரம் ஆறுகிறதே. புத்தேரியில் வடசேரிக்காரன் சட்டைக்குள் இறங்கியது அதுதான். திறந்த வானம், சூட்டைச் சேர்த்துவைக்காத தரை. அதே இடத்தில் மண் அடித்து வீடு எழும்பினால் கன்னிப்பூ, கும்பப்பூ, கோடை என்று மூன்று காலத்திலும் நஷ்டம்.

மார்த்தாண்டத்துப் பையன்:

எல்லோரும் நாகர்கோவிலையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மேற்கே வந்து பாருங்கள். பார்வதிபுரம் தொடங்கி சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வரை ரோட்டோரம் கடையும் வீடுமாக ஊர் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று சொல்லவே முடியாது. 2011 கணக்கெடுப்பிலேயே நம் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தில் இருப்பவர்கள். பேரூராட்சிகள் நிறைய இருப்பதால் வந்த எண்ணிக்கை அது என்பது தெரியும். ஆனால் புத்தகத்தில் சொல்கிற மாதிரி நடுவில் ஒரு நகரம், சுற்றிலும் கிராமம் என்ற அமைப்பு இங்கே கிடையாது. சூடும் ரோட்டைப் பிடித்துக்கொண்டு நீளவாக்கில்தான் கிடக்கிறது. ரெண்டு தெரு உள்ளே தள்ளி ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவே இருக்கிற என் மாமா வீட்டில் அதிகாலையில் போர்வை கேட்கும்.

இதுவரை இந்த மாவட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது விளைகள்தான், வீட்டைச் சுற்றி மரம் நிற்கிற தோட்டங்கள். பத்து சென்ட் வீட்டில் ஒரு பலா, ரெண்டு மா, நாலைந்து தென்னை, ஒரு அயினி நிற்கும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் ஒரே ராத்திரியில் எவ்வளவு மரத்தைச் சாய்த்தது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். விழுந்த இடத்தில் எல்லாரும் திரும்ப மரம் வைத்தார்களா? எங்கள் தெருவில் பெரும்பாலும் இல்லை. "இனி ஓட்டு மேல் விழுந்தால் யார் பார்ப்பது" என்று சொல்லி, முற்றம் முழுக்க இன்டர்லாக் பதித்துவிட்டார்கள். முன்பு காலையில் சாணி தெளித்துப் பெருக்கிய மண் முற்றம். இப்போது மத்தியானம் செருப்பில்லாமல் துணி காயப்போட முடியாது.

வடசேரிக்காரன்:

தெருவிலும் அதே கதை. "அலங்கார தரைக்கற்கள் பதிக்கும் பணி தொடக்கம்" என்று வாராவாரம் செய்தி வருகிறது. சகதி போனதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் சுவரிலிருந்து சுவர் வரை பதிக்கிறார்கள். எங்கள் தெருவில் நிற்கிற வேம்பின் அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டைப் பூசிவிட்டார்கள். ஒரு சாண் மண்கூட விடவில்லை. மழைத் தண்ணீர் அதன் பக்கமே இறங்காது. இன்னும் நிற்கிறது, எத்தனை நாளைக்கோ.

குளச்சல் கரை:

உங்கள் பேச்செல்லாம் மட்டுப்பாவும் முற்றமும் உள்ளவர்கள் பேச்சு. கடற்கரை ஊர்களுக்கு வாருங்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற இடம். முதல் வரிசை வீடுகளுக்குக் கடற்காற்று, பின்வரிசைக்கு அந்த வீடுகளின் பின்சுவர். ஷீட் கூரை என்றால் பகலில் உள்ளே இருக்கவே முடியாது. எங்கள் தெரு அக்காமார் விடிவதற்கு முன்னே எழுந்து ஏலத்துக்குப் போய், மீன் கூடையோடு வெயிலில் அலைந்துவிட்டு, மத்தியானம் வந்து அந்த ஷீட்டுக்குக் கீழேதான் கொஞ்சம் தலைசாய்க்க வேண்டும். அவர்களுக்கு ராத்திரி மட்டுமில்லை, பகல் தூக்கமும் போச்சு.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்லதுதான். ஆனால் வானிலைத் துறை கணக்கில் கடலோரத்தில் வெப்ப அலை என்று சொல்ல 37 டிகிரியும் தொட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியும் கூட வேண்டும். "வெப்ப இரவு" என்று சொல்வதற்கோ அன்றைய பகல் வெப்பம் 40 டிகிரியாவது இருக்க வேண்டும். குளச்சலில் 40 என்றைக்கு வரும்? வராது. நாங்கள் தூங்காத ராத்திரி எந்தக் காகிதத்திலும் ஏறாது.

கோட்டாறு அண்ணாச்சி:

இது நியாயமான கேள்வி. நான் ஈரத்தைப் பற்றிச் சொன்னதும் இதுதான். 33 டிகிரியில் இந்த ஈரத்தோடு வேலை செய்வது, காய்ந்த ஊரில் 40-ல் செய்வதற்குக் குறைந்ததில்லை. வெறும் வெப்பநிலையை மட்டும் பார்க்கிற அளவுகோல் கடலோரத்துக்குச் சரிப்படாது.

செம்மண்சுவர்:

கூரைக்கு வருகிறேன், ஏனென்றால் தனி ஆள் கையில் இருப்பது அதுதான். அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலைக்குப் பிறகு 2013-ல் வெப்பச் செயல்திட்டம் போட்டார்கள். பின்னால் ஏழை வீடுகளின் கூரைக்கு வெள்ளையடிப்பதையும் அதில் சேர்த்தார்கள். தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்று கொள்கையே வெளியிட்டது. வெள்ளைப் பரப்பு தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். புதுத் தார் ரோடு ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்கும். குளச்சல் சொன்ன ஷீட் வீட்டுக்கும் முதல் மருந்து இதுதான்: மேலே வெள்ளை, உள்ளே ஒரு அடியாவது இடைவெளி விட்டு ஓலைத் தட்டியோ மூங்கில் பாயோ.

ஆனால் அங்கே செய்ததை அப்படியே இங்கே செய்தால் ஏமாந்து போவோம். நமக்கு ரெண்டு பருவமழை. வைகாசியில் அடித்த வெள்ளை ஐப்பசிக்குள் பாசி பிடித்துக் கறுத்துவிடும். கறுத்த தளம் வெள்ளையடிக்காத தளத்துக்குச் சமம். அதனால் விலையுயர்ந்த கூலிங் பெயின்டை அடித்துவிட்டு மறந்துவிடாமல், வருஷாவருஷம் தை மாதத்தில் வடகிழக்கு மழை ஓய்ந்ததும் தளத்தை இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்போடு கொஞ்சம் பெவிக்கால் கலந்து ரெண்டு கோட்டு அடியுங்கள். மாசி, பங்குனி, சித்திரை தாண்டினால் போதும். அப்புறம் மழை பார்த்துக்கொள்ளும்.

மேற்குச் சுவருக்கு வாழையோ, கம்பியில் ஏற்றிய கோவைக்கொடியோ போதும். தெரு மரத்துக்கு மின்கம்பி இல்லாத பக்கமாகப் பார்த்து புங்கை, பூவரசு. குறுகலான தெருவை மேலே முழுக்க இலையால் மூடிவிட வேண்டாம். பகலில் நிழல் தருகிற அதே இலை ராத்திரியில் சூடு மேலே போகாமல் மூடிக்கொள்ளும்.

படம்பார்க்கிறவன்:

அப்படியென்றால் ராத்திரிக் காற்றை நாமே அளக்கலாமே. ஒரே மாதிரித் தெர்மாமீட்டர் நாலைந்து வாங்கி, வடசேரி, கோட்டாறு, புத்தேரி, மார்த்தாண்டம், குளச்சல் என்று வைப்போம். சுவரில் சாத்தாமல், ஏசி காற்று படாமல், ஆள் உயரத்தில், மேலே ஒரு வெள்ளைத் தட்டைக் கவிழ்த்து. ஈரப்பதமும் காட்டுகிற மாடலாக வாங்கினால் அண்ணாச்சியின் கட்சிக்கும் நியாயம் கிடைக்கும்.

கோட்டாறு அண்ணாச்சி:

கோட்டாறுக்கு உள்ளதை என் வீட்டில் வையுங்கள். ஆனால் முதலில் எல்லாவற்றையும் ஒரே மேசையில் ஒரு ராத்திரி வைத்து, எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மலிவுச் சாமான் ஒவ்வொன்றும் ஒரு கதை சொல்லும்.

வடசேரிக்காரன்:

நான் தயார். செம்மண்சுவர் அண்ணே, ஒரு சந்தேகம். வீட்டில் மட்டுப்பாவுக்கு மேல் ஷீட் போடலாம் என்கிறார்கள். வெல்டர் நாலு பக்கமும் ஷீட்டாலேயே அடைத்துவிடலாம், சாரல் வராது, சாமான் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். சரியா?

செம்மண்சுவர்:

அடைத்தால் மாடியில் ஒரு சூளை கட்டின மாதிரிதான். ஷீட்டுக்கும் தளத்துக்கும் நடுவே காற்று ஓடினால்தான் நிழலால் பலன். கிழக்கு மேற்கை வேண்டுமானால் பாதி உயரத்துக்கு மறையுங்கள், வெயில் அங்கேதான் சாய்ந்து அடிக்கும். வடக்கும் தெற்கும் திறந்தே கிடக்கட்டும். சாரலுக்கு ஷீட்டை ரெண்டடி வெளியே நீட்டச் சொல்லுங்கள். நிறம் கேட்டால் வெள்ளை. வெல்டர் சிவப்பும் நீலமும்தான் ஸ்டாக் இருக்கிறது என்பார், ஆர்டர் போட்டால் வரும். காற்று மாதத்தில் தூக்காமல் இருக்க, தூண்களைக் கைப்பிடிச் சுவரில் நிறுத்தாமல் கீழே பீம் வருகிற இடமாகப் பார்த்துப் போல்ட் போடச் சொல்லுங்கள். ஒக்கியில் பறந்த ஷீட்டுகள் பாதி அப்படி நிறுத்தியவைதான்.

வடசேரிக்காரன்:

வெல்டர் நாளைக்கு அளவெடுக்க வருகிறார். இதை அப்படியே அவரிடம் காட்டுகிறேன்.